திருமலைக் கடைத்தெரு: ஒரு நாள் முழுக்க நடக்க

திருமலை என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் திருகோணமலையின் கடைத்தெருவுக்கு எப்போது போகலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரே நேரத்தைச் சொல்ல முடியாது. இங்கே ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வேளை உண்டு. மீன் சந்தைக்கு விடியல், மரக்கறிக்குக் காலை, புடவைக்கடைக்கு முற்பகல், துறைமுகக் கரைக்குப் பொழுதுபடும் நேரம். வேளை தப்பிப் போனால் மூடிய கதவையும் கழுவிவிட்ட மீன் பலகையையும் பார்த்துவிட்டு, "இந்த ஊரில் ஒன்றுமில்லை" என்று திரும்பி விடுவீர்கள். கோணேசரைக் கும்பிட்டு, கன்னியாவில் குளித்து, நிலாவெளியில் ஒரு இரவு தங்கி, ஊருக்குள் கால் வைக்காமலே போனவர்கள் பலரை எனக்குத் தெரியும். இந்த அத்தியாயம் அவர்களுக்காக.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பிள்ளைகள் "இங்கே மோல் இல்லையா?" என்று கேட்பார்கள். கொழும்பில் 2019இல் திறந்த வன் கோல் ஃபேஸ் போலவோ, யாழ்ப்பாணத்தில் 2013இல் வந்த கார்கில்ஸ் ஸ்கொயர் போலவோ ஒன்று திருமலையில் இல்லை. குளிரூட்டிய சூப்பர் மார்க்கெட்டுகள் உண்டு. பால்மாவும் சவர்க்காரமும் வேண்டுமானால் அங்கே போங்கள், அதற்குமேல் அங்கே நேரம் செலவிட வேண்டாம்.

அந்தப் பிள்ளைகளுக்கு மோலின் கதையைச் சொல்லலாம். கூரை போட்டு, உள்ளே காற்றைப் பதப்படுத்தி, எல்லாக் கடைகளையும் உள்முகமாகத் திருப்பி வைத்த சவுத்டேல் 1956இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் திறந்தது. அதை வடிவமைத்த விக்டர் குரூயன் வியன்னாவில் பிறந்தவர். காரில்லாமல் எங்கும் போக முடியாத அமெரிக்கப் புறநகருக்கு, தான் பிறந்த நகரத்தைப் போல மனிதர் நடந்து திரியும் நடுவூர் ஒன்றைக் கொடுக்க நினைத்தார். அதே மாநிலத்தில் 1992இல் வந்த மோல் ஒஃப் அமெரிக்கா, கட்டடத்தின் நடுவில் ஒரு கேளிக்கைப் பூங்காவையே வைத்தது. லொஸ் ஏஞ்சலஸில் 2002இல் திறந்த த குரோவ் கூரையையும் நீக்கிவிட்டு, நீரூற்றும் சின்ன ட்ராமும் உள்ள ஒரு தெருவாகவே தன்னை அமைத்துக்கொண்டது. இவற்றைக் கட்டியவர்கள் எல்லோரும் தேடியது ஒன்றுதான்: நடக்க இடம், உட்கார இடம், தின்ன ஏதாவது, வேடிக்கை பார்க்க ஏதாவது, அவற்றுக்கு நடுவே கடைகள். திருமலை நகரம் உள்துறைமுகத்துக்கும் வெளிக்கடலுக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்தே போகலாம். அந்த நடையில் இவை எல்லாம் கிடைக்கின்றன.

விடியலில் மீன்

கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு ரயிலில் வந்தால், பெட்டியைத் தங்குமிடத்தில் வைத்துவிட்டு நேரே மீன் சந்தைக்குப் போவதே நல்லது. ரயில் நேரம் மாறிக்கொண்டிருக்கும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய செருப்பு போடுங்கள், நிலம் ஈரமாக இருக்கும். பெரிய மீன்கள் தரையில் வரிசையாகக் கிடக்கும்: அறக்குளா, பாரை, சூரை, சில நாள் திருக்கை. சின்ன மீன்கள் குவியலாக: சூடை, கீரி, நெத்தலி. றாலும் கணவாயும் நண்டும் தனித் தட்டங்களில்.

வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் போக வேண்டிய இடம் இது. தமிழும் சிங்களமும் ஒரே வாக்கியத்தில் கலந்து விலை கூவப்படுவதை இங்கே கேட்கலாம். கத்தியைக் காலால் அழுத்திப் பிடித்து, மீனை அதன்மேல் தள்ளி அறுக்கும் கைவேலையை நின்று பார்க்க ஐந்து நிமிடம் போதாது. படம் எடுப்பதானால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். "அண்ணே, ஒரு படம் எடுக்கட்டா?" என்றால் பெரும்பாலும் பெரிய மீனைத் தூக்கிக் காட்டுவார்கள்.

வாங்குவதானால் செவுளைத் தூக்கிப் பாருங்கள், இரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். கண் மங்கியிருக்கக் கூடாது. விரலால் அழுத்திய இடம் உடனே மேலெழ வேண்டும். சுத்தம் செய்து வெட்டித் தருவார்கள், அதற்குச் சிறு தொகை தனியே கொடுக்க வேண்டும். சிறிய விருந்தினர் விடுதிகளில் தங்குபவர்கள் முதல்நாளே கேட்டு வைத்தால், நீங்கள் கொண்டுவரும் மீனைச் சமைத்துத் தரும் வீடுகள் உண்டு. தேங்காய்ப்பால் விட்ட நண்டுக் கறியை அப்படிச் சாப்பிட்டவர்கள் அதற்காகவே மறுபடி வருகிறார்கள்.

வைகாசியிலிருந்து புரட்டாசி வரை கடல் அமைதியாக இருக்கும், சந்தையும் நிறைந்திருக்கும். அந்த மாதங்களில் மேற்குக் கரையில் கடல் கொந்தளிப்பதால், நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் இந்தக் கரைக்கு வந்து வாடி போட்டுத் தங்குவார்கள். ஐப்பசியிலிருந்து தை வரை வடகீழ்ப் பருவமழை. வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும் நாட்களில் மீன் விலை கடுமையாக ஏறும். குறை சொல்லாதீர்கள், அந்தக் கடலைப் பார்த்தால் காரணம் புரியும்.

கருவாடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருமலைக்கு வருபவர்கள் அதை வாங்காமல் போவதில்லை. ஒருமுறை மழைக்கால முடிவில், பளபளப்பாக இருக்கிறதே என்று ஒரு கடையில் பாரைக் கருவாடு இரண்டு கிலோ வாங்கிப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கொழும்பு பஸ்ஸில் ஏறினேன். ஹபரணை தாண்டுவதற்குள் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து முன்னால் போய்விட்டார். வீட்டில் பிரித்தால் உள்ளே ஈரம், புழு. அன்று கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். பளபளப்பை நம்பாதீர்கள். துண்டை வளைத்துப் பாருங்கள், நன்கு காய்ந்தது விறைப்பாக நிற்கும். தடித்த இடத்தை, முக்கியமாக முள்ளோரத்தை, விரலால் அழுத்துங்கள். பிசுபிசுத்தால் வேண்டாம். உப்பு மேலே வெண்பொடியாகப் பூத்திருப்பது குற்றமல்ல. வாங்கியதைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கடதாசிப் பெட்டியில் வையுங்கள், காற்றுப் போக வேண்டும். மழை மாதங்களில் நெத்தலியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அது மெல்லியது, காய்ச்சலில் தப்பு நேர இடமில்லை.

முற்பகல்: மத்திய வீதியும் சுற்றியுள்ள தெருக்களும்

கடைகள் ஒன்பது மணிக்குமேல்தான் முழுதாகத் திறக்கும். மத்திய வீதி, பிரதான வீதி, என்.சி. வீதி, இவற்றை இணைக்கும் குறுக்குத் தெருக்கள், இவைதான் நகரத்தின் கடைப் பகுதி. வரைபடம் தேவையில்லை. ஓட்டோவை விட்டு இறங்கி நடவுங்கள். ஒரு தெருவில் புடவைக்கடைகள், அடுத்ததில் நகைக்கடைகள், திரும்பினால் பலசரக்கு, அதற்கப்பால் வலையும் கயிறும் மிதவையும் விற்கும் கடைகள். இந்த வலைக்கடைகளைத் தவறவிடாதீர்கள். எத்தனை கண்ணளவு, எத்தனை நிறம், எந்த மீனுக்கு எந்த வலை என்று கேட்டால், வாங்க வராதவர் என்று தெரிந்தும் பொறுமையாக விளக்குவார்கள். துறைமுக ஊர் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல கடை இல்லை.

துணி இந்தக் கரைக்குப் புதிய சரக்கல்ல. 1659இல் புயலில் பாய்மரத்தை இழந்த ஆன் என்ற ஆங்கிலக் கப்பலை, கொட்டியாரக் குடாவுக்குப் போய் மரம் மாற்றிக்கொள்ளவும், அதற்குள் துணி விற்று வியாபாரம் செய்யவும் சொல்லி அனுப்பினார்கள். அதில் வந்த ரொபர்ட் நொக்ஸ் 1660இல் மூதூர்ப் பக்கத்தில் கண்டியரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, பத்தொன்பது ஆண்டுக்கு மேல் மலைநாட்டில் சிறையிருந்து தப்பி, 1681இல் இலங்கை பற்றிய தன் நூலை இலண்டனில் வெளியிட்டார். அந்தக் குடாவைத் திருமலையிலிருந்தே பார்க்கலாம்.

இன்று புடவைக்கடைகளில் நிறைந்திருப்பது பெரும்பாலும் இந்தியச் சேலை. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் இவற்றில் நேரம் கழிக்க வேண்டியதில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது சாரமும் கைத்தறி விரிப்பும் பத்திக் துணியும். புலம்பெயர்ந்து வாழ்பவர்கள் கலியாணச் சாமான் வாங்க வருவதானால், சட்டை தைக்கும் நாட்களையும் கணக்கில் வையுங்கள். நல்ல தையற்காரருக்கு நாலைந்து நாள் வேண்டும். சித்திரைப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி, பொங்கல் முன்னால் அதுவும் போதாது. ஆனால் அந்த வாரங்களில் கடைத்தெருவுக்குச் சும்மாவாவது வாருங்கள். நடைபாதையெல்லாம் கடை, இரவு வரை வெளிச்சம், சட்டை அளவு பார்க்கப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகும் தாய்மார். கேளிக்கைப் பூங்கா எதற்கும் குறையாத கூட்டம்.

விலை பேசலாமா? நடைபாதைக் கடையில் பேசலாம், விலை எழுதி ஒட்டிய கடையில் "கழிவு ஏதும் இருக்கா?" என்று ஒருமுறை கேட்கலாம். தமிழ்க் கடையில் அண்ணே, அக்கா. முஸ்லிம் கடையில் நானா. சிங்களக் கடையில் மாத்தயா. உறவு சொல்லிப் பேச்சைத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. சாக்கை விரித்துக் கீரையும் முருங்கைக்காயும் வைத்திருக்கும் ஆச்சிமாரிடம் மட்டும் பேரம் வேண்டாம். அவர்கள் சொல்லும் விலையில் குறைக்க எதுவும் இல்லை.

போத்தல் தண்ணீர், பிஸ்கட் போன்ற பொதி செய்த பொருட்களில் அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்டிருக்கும். அதற்குமேல் வாங்குவது 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டப்படி குற்றம். சுற்றுலாப் பயணி என்று தெரிந்து கூட்டிச் சொன்னால் பொதியைத் திருப்பி விலையைக் காட்டுங்கள், பெரும்பாலும் அதுவே போதும். போதாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் எண் 1977. நகை வாங்குபவர்கள் பற்றுச்சீட்டில் நிறையும் கரட்டும் செய்கூலியும் தனித்தனியே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பவுண் என்பது 8 கிராம், 22 கரட் என்றால் ஆயிரத்தில் 916 பங்கு பொன்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்மா தொழுகைக்காக முஸ்லிம் கடைகள் மூடும். போயா எனப்படும் பௌர்ணமி நாளில் இறைச்சிக்கடையும் மதுக்கடையும் இல்லை. இரண்டையும் அறிந்து திட்டமிட்டால் வீண் நடை மிச்சம்.

மதியம்

பசித்தால் கூட்டம் உள்ள கடைக்குள் நுழையுங்கள். சைவக் கடைகளில் சோற்றோடு மூன்று மரக்கறி, பருப்பு, சொதி, அப்பளம், கேட்காமலே இரண்டாம் முறை பரிமாறுவார்கள். மீன் வேண்டுவோர் முஸ்லிம் கடைகளில் சோறும் மீன்குழம்பும் சாப்பிடலாம். கொத்து ரொட்டி இரவுச் சாப்பாடு. தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகு அதைத் தேடிப் போங்கள்.

மதிய வெயிலில் நடப்பது வீண். அந்த நேரத்தை வாகனத்துக்கு வையுங்கள்.

ஊருக்கு வெளியே

கிண்ணியாவுக்கு ஒரு பிற்பகல் கொடுங்கள். 2009 வரை அங்கே போக "பாதை"யில் ஏற வேண்டியிருந்தது. பாதை என்றால் இந்தப் பக்கத்தில் ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடக்கும் மிதவைப் படகு. கடைசிப் பாதை போய்விட்டால் இரவு அக்கரையில்தான். 2009இல் 396 மீற்றர் நீளப் பாலம் திறந்தது. அதன்மேல் நின்று காற்று வாங்கவே மாலையில் குடும்பங்கள் வருகின்றன. 2004 ஆழிப்பேரலை மிகக் கடுமையாகத் தாக்கிய ஊர்களில் கிண்ணியாவும் ஒன்று. அங்குள்ள கடைத்தெரு அதற்குப் பிறகு எழுந்து நின்ற தெரு. சிறிய ஊர்தான், ஆனால் நோன்பு மாதத்து இரவுகளில் அதைப் பார்க்க வேண்டும். நோன்பு திறந்து தொழுகை முடிந்தபின் கடைகள் மறுபடி திறந்து, நள்ளிரவு வரை தெரு விழித்திருக்கும். பகலில் அங்கே தெருவில் நின்று தின்பதைத் தவிருங்கள்.

கண்டி வீதியில் வருபவர்களும் போகிறவர்களும் கந்தளாயில் நிற்க வேண்டும். சாலையோரத்தில் சட்டிகளை அடுக்கி எருமைத்தயிர் விற்பார்கள். சட்டியை இலேசாகச் சரித்துக் காட்டச் சொல்லுங்கள், நல்ல தயிர் அசையாது. வாங்கிய நாளே சாப்பிடுவது உத்தமம். வாகனத்தில் காலடியில் சும்மாட்டுக்கு ஒரு துணி வைத்து நிமிர்த்தி வையுங்கள். கித்துள் பாணியையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், மாவட்டம் முழுவதிலும் கொடுத்த காசுக்கு மிஞ்சிய பொருள் இந்தச் சட்டித் தயிர்தான்.

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடற்கரையை ஒட்டி, வெள்ளைக்காரப் பயணிகளுக்கான உடைக் கடைகளும் தேநீர்ச்சாலைகளும் பருவ காலத்தில் திறக்கின்றன. தளர்ந்த காற்சட்டை, கடற்கரைச் சட்டை, தொப்பி. நகரத்தைவிட விலை கூட. காலையில் அங்கே கரைவலை இழுப்பதைப் பார்ப்பது இந்தக் கடைகளைவிட நல்ல பொழுது. புறாமலைக்குப் போய் வருபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: முருகைக்கல்லைப் பொறுக்கி வராதீர்கள், யாரும் விற்றாலும் வாங்காதீர்கள். 2003 முதல் புறாமலை தேசியப் பூங்கா. நீங்கள் வாங்காவிட்டால் உடைப்பவனுக்கு வேலையில்லை.

கன்னியாவின் ஏழு கிணறுகளுக்குப் போகும் வழியிலும் சிறு கடைகள் உண்டு. மாற்றுத் துணி மறந்தவர்களுக்கு ஒரு துவாய் கிடைக்கும், வேறு சிறப்பில்லை.

பொழுதுபட

நாலரைக்கு மேல் நகரத்துக்குத் திரும்பிவிடுங்கள். உள்துறைமுக வீதியில் ஒரு பிளேன்ரீயை வாங்கிக்கொண்டு நீரைப் பார்த்து உட்காருவது ஒரு வழி. மலைகள் சூழ, அசைவில்லாத நீரில் கப்பல்கள் நிற்கும். இந்த ஆழமும் அமைதியும்தான் போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் ஆங்கிலேயரையும் மாறி மாறி இங்கே கொண்டுவந்தன. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்களும் இதற்காகவே வந்தன. 1957இல் பிரித்தானியக் கடற்படை இந்தத் தளத்தை இலங்கையிடம் கொடுத்துவிட்டுப் போனது.

மற்ற வழி, டச்சுக்குடாக் கடற்கரை. குடும்பம் குடும்பமாக வந்து மணலில் இருப்பார்கள். சோளம், கடலை, மாங்காய், ஐஸ்கிரீம், பட்டம், பலூன் எல்லாம் உங்களைத் தேடி வரும். பிள்ளைகள் இருந்தால் இந்த வழியே சரி. கடலில் இறங்க மட்டும் விடாதீர்கள், அடிநீரோட்டம் இழுக்கும். நவராத்திரி நிறைவில் இந்த ஊரில் இருந்தால் இரவு தூங்காதீர்கள். கும்பங்கள் தெருவெங்கும் பவனி வரும். திருமலைக்கே உரிய விழா அது, கடைக்காரரும் வாடிக்கைக்காரரும் ஒன்றாய்த் தெருவில் நிற்கும் இரவு.

இருட்டுமுன் கோட்டை வாசலுக்குள் நுழைந்து கோணேசர் கோயிலுக்கு ஏறுங்கள். ஏறும் வழியின் இரு பக்கமும் கடைகள். பூசைத்தட்டு, பூ, தேங்காய் இங்கேயே வாங்கலாம். பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமானும் கைப்பையும் கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து வருபவை, அவற்றைத் தாண்டிப் போங்கள். பனையோலைப் பெட்டியும் பனங்கட்டியும் புழுக்கொடியலும் கண்ணில் பட்டால் வாங்குங்கள், வடக்கு கிழக்கின் கைப்பொருள் அவை.

கோட்டைக்குள்ளும் கடற்கரை ஓரத்திலும் புள்ளிமான்கள் ஆளுக்கு அஞ்சாமல் திரிகின்றன. சில நேரம் கடைத்தெரு வரைக்கும் வரும். வாங்கிய பழத்தை நீட்டினால் கையிலிருந்தே தின்னும். பையை நீட்டினால் பையையும் தின்னும். பழத்தின் மணம் ஒட்டிய பொலித்தீனைப் பழமென்று மெல்லும் மான்களை நான் பலமுறை பார்த்து, வாயிலிருந்து இழுத்தும் இருக்கிறேன். திருமலைக் கடைத்தெருவுக்கு வரும்போது வீட்டிலிருந்து இரண்டு துணிப்பை கொண்டு வாருங்கள். ஒன்று மீனுக்கு, ஒன்று மற்றதற்கு.